இடக்கரடக்கலிலிருந்து இயல்பு வழக்கிற்கு



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. நம் வீட்டில் ஒருவரோ, நம் நெருங்கிய நண்பர் ஒருவரோ, தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று நம்மிடம் சொல்லும்போது நம் மொழியில் என்ன நிகழ்கிறது என்பதே அப்பொருள். மருத்துவமும் சமயமும் இவ்வுரையின் களம் அல்ல. சட்டத்தைத் தேவையான அளவிற்கு மட்டுமே தொடுவோம். நாம் வாழ்நாளெல்லாம் கற்றது மொழியியல். ஆகவே சொல், வினை, வேற்றுமை, உறவுப்பெயர் ஆகியவற்றின் வழியாகவே இதனை அணுகுகிறோம்.

தகுதி வழக்கு

நன்னூல் படித்த மாணவர்க்கு வழக்கின் பாகுபாடு நினைவிருக்கும். இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என வழக்கு இருவகைப்படும். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்கியதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

ஒரு பொருளைத் தகுதி வழக்கில் மட்டுமே ஒரு சமுதாயம் பேசுமாயின், அப்பொருளை அது இன்னும் வீட்டுக்குள் அழைக்கவில்லை என்று பொருள். தன்பாலீர்ப்பைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் தொடர்களை எண்ணிப் பாருங்கள். 'அவன் ஒரு மாதிரி', 'அந்த மாதிரி ஆள்', 'அவனுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை'. முதலிரண்டும் இடக்கரடக்கல். மூன்றாவது மங்கலம், சொல்லவந்ததை மறைத்து, கேட்பதற்கு இனிதாக ஒன்றைச் சொல்வது. விளையாட்டுத் திடலிலோ நிலைமை இதைவிட மோசம். தமிழ்ச் சிறுவர்கள் ஹொக்கியன் மொழியிலிருந்து 'ஆகுவா' என்பதையும், மலாயிலிருந்து 'போண்டான்' என்பதையும், தமிழ்த் திரைப்படங்களிலிருந்து 'ஒன்பது' என்னும் எண்ணையும் எடுத்துக்கொண்டுள்ளனர். மூன்று மொழிகளிலிருந்து இழிசொற்களைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், மதிப்புடைய சொல் ஒன்றை எந்த மொழியிலும் வகுப்பறையில் கேட்டதில்லை. அச்சிறுவர்களுள் ஒருவன் அமைதியாக நின்று, அச்சொல் தன்னைத்தான் குறிக்கிறது என்று அறிந்துகொண்டிருக்கக் கூடும். பெரும்பாலும் அவன் தன்னைப் பற்றிக் கேள்விப்படும் முதற்சொல் அதுவாகவே இருக்கிறது.

சட்டமும் வீட்டுமொழியும்

சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377ஏ, 1938ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளித்தது. 2022 ஆகஸ்ட் மாதத் தேசிய தினப் பேரணி உரையில் அப்பிரிவை நீக்கவிருப்பதாகப் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் நாடாளுமன்றம் அதற்கு இசைவளித்தது. 2023 ஜனவரி 3ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. திருமணத்தின் வரையறையை வகுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்திடமே இருக்கும் வகையில் அரசமைப்புச் சட்டமும் உடன் திருத்தப்பட்டது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு பிரிவு 377இன் கீழ்க் குற்றமாகக் கருதப்படுவது நின்றது. பாலத்திற்கு அப்பால் மலேசியாவில் இத்தகைய பிரிவுகள் இன்றும் நடப்பில் உள்ளன. ஆகவே ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு வேறு சட்டங்களின்கீழ் வாழக்கூடும். ஜொகூரில் இருக்கும் பிள்ளை சொல்லத் தயங்குவதற்கும் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை சொல்லத் தயங்குவதற்கும் காரணங்கள் முழுவதும் ஒன்றல்ல.

சட்டம் ஒரே நாளில் மாறும். வீட்டுமொழி அவ்வாறு மாறுவதில்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலமோ 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வெண்களைத் தமிழாசிரியர்கள் கவலையோடு அறிவார்கள். ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறுவது எப்படி? ஒருவன் தன் வாழ்வின் மிக முதன்மையான வாக்கியத்தை அம்மொழியில் சொல்ல இயலாதபோது, அவன் வேறு மொழிக்குச் செல்கிறான். சென்றவன் அடுத்த வாக்கியத்திற்குத் திரும்பி வருவான் என்பதற்கு உறுதியில்லை.

ஒரு கேள்வி

எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். உரியவரின் இசைவைப் பெற்றே சொல்கிறோம், பெயர் வேண்டா. எங்கள் தமக்கையின் இளைய மகன் படிப்பை முடித்து வேலையில் அமர்ந்த பின், ஓரிரவு உணவு மேசையில் தன் தாயிடம் செய்தியைச் சொன்னான். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். தமக்கை முப்பதாண்டுகள் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவர். ஆயினும் அவர் கேட்டது தமிழில்: "அப்படியென்றால்?" மகனால் தமிழில் விடை சொல்ல இயலவில்லை.

மறுநாள் அவன் எங்களைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இதற்குத் தமிழில் என்ன சொல்? அகராதியில் இருப்பதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை."

அகராதியில் அவன் கண்டது 'ஓரினச்சேர்க்கை' என்பது. நாளிதழ்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சொல்லும் அதுவே. இச்சொல்லில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, 'சேர்க்கை' என்பது ஒரு செயலின் பெயர். ஒருவருடைய அன்பு, ஏக்கம், துணைநாட்டம் அனைத்தையும் படுக்கையறைச் செயல் ஒன்றாக அது சுருக்கிவிடுகிறது. மணமான ஆணையும் பெண்ணையும் நாம் 'இணையர்' என்கிறோம், 'தம்பதியர்' என்கிறோம். 'சேர்க்கையாளர்' என்று எவரும் சொல்வதில்லை. இரண்டாவது, 'இனம்'. இந்நாட்டில் இனம் என்றால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்றே பொருள். உறுதிமொழியில் நாள்தோறும் பிள்ளைகள் சொல்லும் சொல் அது. 'ஓரினம்' என்று கேட்கும் தொடக்கநிலை மாணவன், ஒரே இனத்தார் கூடுவதைத்தான் எண்ணுவான். பால் என்னும் சிறந்த இலக்கணக் கலைச்சொல் நம்மிடம் இருக்க, இனம் இங்கு எதற்கு?

'தன்பாலீர்ப்பு' இவ்விரு இடர்களையும் நீக்குகிறது. தன் பாலினத்தார் மீது ஏற்படும் ஈர்ப்பு என்று சொல்லே தன்னை விளக்குகிறது. 'பால்புதுமையர்' என்னும் பொதுச்சொல்லும் இன்று வழங்குகிறது. சென்னையிலிருந்து இயங்கும் 'ஓரினம்' போன்ற குழுவினர் இவ்வகைச் சொற்களைப் பல்லாண்டுகளாகத் தமிழில் உரையாடி வந்துள்ளனர். 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒன்றாக வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கில் ஆணை பிறப்பித்தார். இப்பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று கருதிய அவர், ஆணைக்கு முன் உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். அதனை வெளிப்படையாகப் பதிவும் செய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் மதிப்புடைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிமன்றம் சொல்லுக்காகவும் நேரம் ஒதுக்கியது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

இங்கு ஒரு தெளிவு தேவை. 'திருநங்கை', 'திருநம்பி' என்பன ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணரும் பாலின அடையாளத்தைப் பற்றியவை. தன்பாலீர்ப்பு என்பது ஒருவருக்கு யார் மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்புவது மாணவரிடையே மட்டுமன்றிப் பெரியோரிடையேயும் மிகுதி. ஆயினும் திருநங்கை என்னும் சொல்லின் வரலாறு நமக்கு நம்பிக்கை தருகிறது. 2008இல் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தபோது 'அரவாணிகள்' என்பதே வழக்கிலிருந்தது. இன்று திருநங்கை என்பதே நாளிதழிலும் வீட்டிலும் ஒலிக்கிறது. ஒரு தலைமுறை முடிவதற்குள் ஒரு பழைய வழக்கு விலகி, மதிப்புச்சொல் ஒன்று இயல்பு வழக்காயிற்று.

வேற்றுமை உருபு சொல்வது

மருமகனுக்குத் தன்பாலீர்ப்பு என்னும் சொல்லைச் சொன்னோம். ஆனால் அறுபது வயதைக் கடந்த தாய்க்கு அதுவும் புதுச்சொல்லே. ஆகவே அதனோடு ஒரு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்தோம். "அம்மா, எனக்குப் பெண்கள் மீது அந்த விருப்பம் வருவதில்லை. ஆண்கள் மீதுதான் வருகிறது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்." இதில் தாய்க்குத் தெரியாத சொல் எதுவுமில்லை.

இவ்வாக்கியத்தின் அமைப்பை நோக்குக. 'எனக்கு வருகிறது' என்பதில் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தமிழில் எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும் என்பன எல்லாம் இவ்வமைப்பின. இவற்றில் 'நான்' வினைமுதல் அல்ல. பசியோ அறிவோ விருப்போ என்னிடம் வந்து சேர்கிறது. 'நான் நடந்தேன்', 'நான் தேர்ந்தெடுத்தேன்' என்பவற்றினின்று இது வேறு. 'காதலிக்கிறேன்' என்னும் வினை எழுவாயை முதல் வேற்றுமையில் கேட்பது உண்மைதான். ஆயினும் காதலுக்கு முன்நிற்கும் விருப்பத்தைத் தமிழ் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்றே சொல்லப் பழகியுள்ளது.

பெற்றோர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "ஏன் இப்படி முடிவு செய்தாய்?" என்பது. 'முடிவு செய்' என்பது வினைமுதல் வேண்டும் வினை. பிள்ளை விடை சொல்ல முடியாமல் நிற்பதற்குக் காரணம் கேள்வியின் வினையில் இருக்கிறது. அவன் முடிவு செய்தது ஒன்றே ஒன்று: பெற்றோரிடம் சொல்வது என்பது. வேற்றுமை உருபு மனித இயற்கையைப் பற்றிய சான்று ஆகாது. அதனை நாம் நன்கு அறிவோம். உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் நாள் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு இலக்கணம் காரணமன்று. நாம் சொல்வது இவ்வளவே: இச்செய்தியைக் குற்றவுணர்வின்றிச் சொல்லவும் கேட்கவும் தேவையான வாக்கிய அமைப்பு நம் மொழியில் முன்னரே உள்ளது, வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு வினையையும் காண்போம். "தான் தன்பாலீர்ப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்" என எழுதுவோர் உளர். ஒப்புக்கொள்வது குற்றத்தை, அல்லது கடனை. 'மாட்டிக்கொண்டான்' என்பது இதனினும் கொடிது. 'சொன்னார்' என்பதே போதுமானது. 'தெரிவித்தார்' என்பதும் நன்று. வினையை மாற்றினால் கேட்பவரின் இடமும் மாறுகிறது. ஒப்புக்கொண்டவனுக்கு எதிரில் இருப்பவர் நீதிபதி. சொன்னவனுக்கு எதிரில் இருப்பவர் தாய்.

கூட்டாளியும் சித்தப்பாவும்

அவ்வாக்கியத்தைக் கேட்ட தமக்கை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எத்தனை ஆண்டுகளாக இதைத் தனியாக வைத்திருந்தாய்?" என்று கேட்டார். எல்லாம் அத்துடன் சீராகிவிடவில்லை. பல மாதங்கள் அவர் உறவினர் திருமணங்களுக்குச் செல்வதைத் தவிர்த்தார். "உங்கள் சின்னவனுக்கு எப்போது?" என்னும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை. மைத்துனர் இன்றுவரை அச்சொல்லை வாயால் சொன்னதில்லை. ஆனால் தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்போது மகனின் அளவோடு இன்னோர் அளவையும் கேட்டு வாங்குகிறார்.

மகனின் துணைவரைத் தமக்கை தொடக்கத்தில் 'கூட்டாளி' என்று அறிமுகம் செய்தார். தமிழ்நாட்டார்க்குக் கூட்டாளி என்றால் தொழிற்பங்காளி. நம் வட்டாரத் தமிழில் அது நண்பனைக் குறிக்கும் அன்றாடச் சொல். அச்சொல்லில் மறைப்பும் இருந்தது, இடமளிப்பும் இருந்தது. நல்ல இடக்கரடக்கல் இவ்விரண்டையும் செய்யும். பெற்றோர் ஒரு சொல்லுக்குள் சில காலம் தங்கியிருக்கட்டும். அவர்களை அவசரப்படுத்த வேண்டுவதில்லை.

அடுத்த படியை எடுத்து வைத்தது தமக்கையின் மூத்த மகனுடைய நான்கு வயது மகள். தந்தையின் தம்பியை அவள் சித்தப்பா என்று அழைக்கிறாள். அவருடன் எப்போதும் வரும் மற்றவரையும் சித்தப்பா என்றே அழைக்கத் தொடங்கினாள். எவரும் கற்பிக்கவில்லை. திராவிட உறவுமுறையில் தந்தையுடன் பிறந்த ஆண்களும் அவர்க்கு நிகரானோரும் தந்தைப் பக்கத்துப் பெயர் பெறுவர். தாயுடன் பிறந்த ஆண்கள் மாமா ஆவர். அவரை மாமா என்றோ 'அங்கிள்' என்றோ அழைத்திருந்தால் அவர் புறத்தே நின்றிருப்பார். மொழியியலார் நூல்களில் வரைபடம் போட்டு விளக்கும் விதியைக் குழந்தை தானே பொருத்திக்கொண்டது. மேசையில் இருந்த எவரும் அவளைத் திருத்தவில்லை. அன்றுமுதல் அவ்வீட்டில் கூட்டாளி என்னும் சொல் குறைந்தது. தமக்கை அவரைத் 'தம்பி' என்று அழைக்கிறார்.

வகுப்பறையில்

ஆசிரியப் பெருமக்களுக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, இழிசொல் வகுப்பில் ஒலிக்கும்போது கேளாததுபோல் கடந்து செல்ல வேண்டா. நீண்ட அறிவுரையும் வேண்டா. 'இவ்வகுப்பில் அச்சொல் வழங்காது' என்னும் ஒரு வாக்கியம் போதும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மாணவர் அதனை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்.

இரண்டு, ஒரு மாணவர் உங்களிடம் இதனைச் சொன்னால், அச்செய்தி அவருடையது. அதனைப் பெற்றோரிடமோ சக ஆசிரியரிடமோ எடுத்துச் சொல்லும் உரிமை, கேட்டதனாலேயே நமக்கு வந்துவிடாது. அவருடைய பாதுகாப்புக்கு இடர் இருக்குமாயின் பள்ளி ஆலோசகரை நாடுவது கடமை; அதனையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்க.

மூன்று, மாணவர்களுக்கு: நண்பர் ஒருவர் சொல்லும்போது உடனே அறிவார்ந்த விடை தர வேண்டும் என்று எண்ண வேண்டா. "என்னிடம் சொன்னதற்கு நன்றி. இதை வேறு யாருக்கேனும் சொல்லியிருக்கிறாயா?" என்று கேளுங்கள். முதல் வாக்கியம் அவரை ஏற்கிறது. இரண்டாவது, நீங்கள் யாரிடம் பேசலாம், யாரிடம் பேசலாகாது என்பதை உங்களுக்கு அறிவிக்கிறது. பிறகு நேற்றுவரை பேசிய பந்தாட்டத்தையும் பாடத்தையும் இன்றும் பேசுங்கள். செய்தி புதிது, ஆள் பழைய ஆள்தான்.

நான்கு, மொழித்திறன் பயிற்சிகளில் குடும்பம் என்றால் இன்ன வடிவம்தான் என்று பிள்ளைகள்மீது சுமத்த வேண்டா. 'உன் வருங்கால மனைவி எப்படி இருக்க வேண்டும்?' என்னும் கட்டுரைத் தலைப்பு சிலரைத் தமிழில் பொய் எழுத வைக்கும். 'உன் வருங்கால வாழ்க்கை' என்று கேட்டால் அனைவரும் மெய் எழுதலாம். தமிழில் மெய் எழுதிப் பழகிய பிள்ளையே தமிழைத் தன் மொழி என்பான்.

நாமும் நாங்களும்

முடிப்பதற்கு முன் ஓர் இலக்கணக் கூறு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் இரண்டு. கேட்பவரை உளப்படுத்தினால் 'நாம்', உளப்படுத்தாவிட்டால் 'நாங்கள்'. நம் அண்டை மொழியாகிய மலாயும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாட்டைப் போற்றுகிறது. ஆகவே தமிழ் பேசும் ஒருவர் பன்மையில் வாய்திறக்கும் ஒவ்வொரு முறையும், எதிரில் இருப்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று அறிவித்தே தீர வேண்டும்.

"நாங்கள் மானத்தோடு வாழ்ந்த குடும்பம்" என்று ஒரு தந்தை மகனிடம் சொன்னால், மகன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது வினைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. "இனி நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டால், விடை தெரியாத நிலையிலும் அவன் உள்ளேதான் இருக்கிறான். தமிழில் நம் உறுதிமொழி 'சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்' என்றே தொடங்குகிறது. அந்த நாம் என்பதில் யார் யார் அடங்குவர் என்பதை நாடாளுமன்றம் ஓரளவிற்குச் சொல்லிவிட்டது. வீட்டில் அதனைச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தாரும். வகுப்பறையில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.